மணலில் விழுந்த மோதிரம்: யாழ்ப்பாணத்தில் டிடெக்டர் பழகுவோருக்கு

சென்ற வைகாசியில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் மாமி ஒருவர் கிணற்றடியில் தோட்டைத் தொலைத்துவிட்டார். தலை முழுகித் துவட்டும்போது தோட்டின் திருகான சுரை கழன்றிருக்கிறது. இரண்டு நாட்களாக மண்ணை அரிதட்டில் அரித்தார்கள், வாழைக்குப் போகும் வாய்க்காலைக் கையால் துழாவினார்கள். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்கள். போனதும் நான் என் மெட்டல் டிடெக்டரை, அதாவது உலோகம் தேடும் கருவியை, தொடவில்லை. "மாமி, அன்றைக்கு எந்தப் பக்கம் பார்த்து நின்று தலை துடைத்தீர்கள்?" என்று கேட்டேன். அவர் துவாயை எடுத்து, அன்று நின்ற இடத்திலேயே நின்று, தலையைச் சரித்துத் துவட்டிக் காட்டினார். துவாய் வீசப்பட்ட திசையில் நாலடி தள்ளி வாழையடி. அங்கே கருவியைத் தாழ்த்தி இரண்டு முறை அசைத்ததும் மெல்லிய, தெளிவான ஓர் ஒலி. ஈர மண்ணை விரலால் விலக்கினேன். ஒரு விரற்கடை ஆழம்கூட இல்லை. கல்லிடுக்கெல்லாம் சேறு அப்பி, வாழைச் சருகின் நிறத்தில் தோடு கிடந்தது.

இந்தப் பொழுதுபோக்கைப் பழக ஆசைப்படும் எவருக்கும் நான் சொல்லும் முதற் பாடம் இந்தக் கிணற்றடிதான். யாழ்ப்பாணத்தில் டிடெக்டரைக் கையில் எடுப்பவர், தொலைத்தவர் உயிரோடு இருக்கும் பொருளை மட்டுமே தேட வேண்டும். அப்படிப்பட்ட பொருள் மேல்மண்ணில் கிடக்கும், ஆழமாகத் தோண்ட வேண்டியதில்லை. உரிமையாளர் பக்கத்திலேயே நிற்பார், சட்டச் சிக்கலும் வராது. நம் மண் கடந்துவந்த காலத்தை நினைத்தால், உயிரைக் காக்கும் வழியும் இதுதான்.

கருவி வாங்குமுன்

மிதிவெடியைப் பற்றிப் பேசாமல் இங்கே இந்தப் பழக்கத்தைப் பற்றிப் பேச முடியாது. 2002ஆம் ஆண்டிலிருந்து ஹலோ ட்ரஸ்ட் போன்ற நிறுவனங்கள் வடக்கில் கண்ணிவெடி அகற்றி வருகின்றன. அவர்களுடைய பணியாளர்கள் மாதக்கணக்கில் ஒரு காணியில் முழங்காலிட்டு, அங்குலம் அங்குலமாகச் செய்யும் வேலையை, கடையில் வாங்கிய பொழுதுபோக்குக் கருவியால் செய்ய முடியாது. இங்கே புதைக்கப்பட்ட பி-4 போன்ற மிதிவெடிகளின் உடல் பிளாஸ்டிக்கால் ஆனது. உள்ளே இருக்கும் உலோகம் மிகச் சிறியது. ஆகவே உங்கள் கருவி மௌனமாக இருந்தால் நிலம் பாதுகாப்பானது என்று ஒருபோதும் எண்ணிவிடாதீர்கள். இந்த ஒன்றை மறந்தவர் இந்தக் கட்டுரையின் மிச்சத்தைப் படிக்கவே வேண்டாம்.

போகத்தக்க இடங்கள்: நீங்கள் திரும்பி வந்து குடியேறிய பிறகு பல தடவை கொத்திப் புரட்டிய உங்கள் சொந்த வளவு, ஒவ்வொரு போகமும் உழுத தோட்டம், தினமும் சனம் நடமாடும் கடற்கரை, அனுமதி பெற்ற கோயில் வீதி. போகக்கூடாத இடங்கள் இவற்றைவிட அதிகம். 1990இல் சனம் வெளியேறி, பிறகு இராணுவத்திடமிருந்து கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்ட வலிகாமம் வடக்குக் காணிகள், பழைய மண் அணை, பங்கர் இருந்த இடம், சென்ரி (காவலரண்) நின்ற சந்தி, ஆளில்லாத வளவின் பற்றைக்காடு, தூர்ந்த கிணறு, போர்முனையாக இருந்த முகமாலைப் பக்கம். மண்டையோட்டு எச்சரிக்கைப் பலகை இல்லாத இடமெல்லாம் நல்ல இடம் என்று நினைத்துவிடக் கூடாது. கிராம சேவையாளரிடமும் அந்த இடத்தில் நெடுநாள் இருந்த முதியவர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சந்தேகப்படும்படியாக எதையாவது கண்டால், அது துருப்பிடித்த வெறும் தகரம்போலத் தெரிந்தாலும், தொடாதீர்கள், புரட்டாதீர்கள். வந்த காலடித் தடத்திலேயே பின்வாங்கி, மற்றவர்களையும் விலக்கிவிட்டு, பொலிஸ் அவசர இலக்கமான 119க்கு அழையுங்கள்.

அடுத்தது சட்டம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவதைக் குற்றமாக்குகிறது. உங்கள் நிலத்தில் கிடைத்தது என்ற காரணத்தால் மட்டும் ஒரு தொல்பொருள் உங்களுடையதாகிவிடாது. கந்தரோடை, ஆனைக்கோட்டை, வல்லிபுரம், அல்லைப்பிட்டி, கோட்டைச் சுற்றாடல், மணற்காட்டில் மணல் மூடிய பழைய தேவாலயம் ஆகிய இடங்களுக்குக் கருவியோடு போகவே கூடாது. வளவைக் கொத்தும்போது தற்செயலாக யாழ்ப்பாண அரசர் காலத்துச் சேதுக் காசோ ஒல்லாந்தர் காலத்துச் செப்புக் காசோ வெளிப்பட்டால், அதைத் தேய்க்காமல் கழுவாமல் வைத்து, கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு, தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

இதை நான் சட்டத்துக்குப் பயந்து சொல்லவில்லை. 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் ஆனைக்கோட்டையில் ஒரு பெருங்கற்கால ஈமக்குழியை அகழ்ந்தபோது எழுத்துப் பொறித்த வெண்கல முத்திரை ஒன்று கிடைத்தது. விரல் நுனியளவுப் பொருள். அது எலும்புக்கூட்டோடும் மட்பாண்டங்களோடும் சேர்ந்து, இருந்த இடத்திலேயே பதிவாகியதால்தான் இன்று நம் வரலாற்றைப் பற்றிப் பேச உதவுகிறது. அதே முத்திரையை யாரோ ஒருவர் டிடெக்டரால் பிடுங்கி எடுத்திருந்தால், எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஒரு வெண்கலத் துண்டாகவே அது எஞ்சியிருக்கும்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் கருவி கொண்டுவரச் சொல்வதற்கு முன்னர், என்ன அனுமதி வேண்டும் என்று சுங்கத்திடமும் உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்திலும் எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை பொறுங்கள். கருவி வந்த பிறகும் பகலில், திறந்த இடத்தில், நாலுபேர் பார்க்கவே பயன்படுத்துங்கள். இரவில் கருவியும் மண்வெட்டியுமாக நிற்பவரைப் புதையல் தோண்டுபவர் என்றுதான் ஊர் நினைக்கும். கடற்படை முகாம்களின் அருகே பகலிலும் போகாதீர்கள்.

எந்தக் கருவி?

கருவியின் அடியில் இருக்கும் வட்டத் தட்டுக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் உள்ளன. ஒன்று மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அந்தப் புலம் உலோகத்தைத் தொட்டதும் உலோகத்துக்குள் சிறு சுழல் மின்னோட்டம் பிறக்கிறது, அது தன் பங்குக்கு ஒரு புலத்தை எழுப்புகிறது. இரண்டாவது சுருள் அதைப் பிடித்துக்கொள்கிறது. திரும்பி வரும் குறிப்பு எவ்வளவு தாமதிக்கிறது என்பதிலிருந்து அது இரும்பா, வெள்ளியா என்று கருவி ஊகித்து, திரையில் ஓர் எண்ணாகவும் காதில் ஒரு சுருதியாகவும் தருகிறது. ஊகம் என்ற சொல்லை மனத்தில் வையுங்கள். 1881இல் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்ட் சுடப்பட்டபோது, தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல் இதே தத்துவத்தில் ஒரு கருவி செய்து அவருடைய உடலில் இருந்த குண்டைத் தேடினார். கிடைக்கவில்லை. கட்டில் மெத்தையின் கம்பிச் சுருள்களும் கருவியைக் குழப்பின என்று சொல்வார்கள். தேடும் பொருளைச் சுற்றி வேறு என்ன உலோகம் இருக்கிறது என்று பார்க்க வேண்டிய கட்டாயம் அன்றிலிருந்து இன்றுவரை மாறவில்லை.

கரெட் ஏஸ் 300 போன்ற ஒற்றை அதிர்வெண் கருவிகள் விலை குறைந்தவை, வளவில் நன்றாக வேலை செய்யும். ஆனால் உப்புநீரில் நனைந்த மணலும் மின்சாரத்தைக் கடத்தும். அங்கே இவை காரணமில்லாமல் கத்திக்கொண்டே இருக்கும். மைன்லாப் வான்குவிஷ் வரிசை போல ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களைப் பயன்படுத்தும் கருவிகள் ஈர மணலிலும் அமைதியாக இருக்கும். மூன்று பக்கம் கடலும் நடுவே கடல்நீரேரியுமாக இருக்கும் நம் ஊருக்கு, கையில் பணம் இருந்தால் இந்த வகையையே வாங்குங்கள் என்பது என் கருத்து. வான்குவிஷின் சுருள் தண்ணீரில் நனையலாம், மேலே இருக்கும் பெட்டி நனையக் கூடாது. இடுப்பளவு நீரில் இறங்க விரும்புகிறவர் முழுவதும் நீர்புகாத கருவியாகப் பார்த்து வாங்க வேண்டும். துடிப்பு முறையில் இயங்கும் கருவிகள் உப்பைப் பொருட்படுத்தாமல் ஆழமாகப் பார்க்கும். இரும்பையும் தங்கத்தையும் பிரித்துச் சொல்வதில் அவை பெரும்பாலும் உதவமாட்டா. ஆணியும் முள்ளுக்கம்பியும் நிறைந்த நம் வளவுகளுக்கு அவை ஒத்துவராது.

நீண்ட கம்பியைக் கையில் பிடித்தால் நூறு மீற்றர் தள்ளியிருக்கும் தங்கத்தை நோக்கி அது திரும்பும் என்று சொல்லிச் சிலர் கருவி விற்கிறார்கள். அப்படி ஒரு கருவி உலகத்தில் இல்லை. தங்கத்தை மட்டும் காட்டும் கருவியும் இல்லை. இதே மாதிரிக் கம்பியை வெடிபொருள் காட்டும் கருவி என்று ஈராக்குக்கு விற்ற ஒருவருக்கு 2013இல் பிரித்தானிய நீதிமன்றம் பத்து ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. உங்கள் பணத்தை இப்படிப்பட்டவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள்.

கருவியைத் தவிர இன்னும் சில சிறு பொருட்கள் வேண்டும். குழிக்குள் விட்டுப் பொருள் இருக்கும் மூலையைச் சரியாகக் காட்டும் பின்பாயிண்டர் என்ற கைக்கோல், தேடும் நேரத்தை உண்மையிலேயே பாதியாக்கிவிடும். மெல்லிய ஒலியைத் தவறவிடாமல் இருக்க ஹெட்போன். மண் அள்ள ஒரு தேங்காய்ச் சிரட்டை. அதில் உலோகம் இல்லை, பொருளிலும் கீறல் விழாது, கடைகளில் விற்கும் கரண்டிகளைவிட எனக்கு இதுவே பிடிக்கும். கடற்கரைக்குக் கண்ணறை உள்ள அள்ளி ஒன்று, குப்பைக்கு ஒரு பை, கிடைத்ததற்கு ஒரு பை.

முதல் இரண்டு வாரம்

கருவியைத் தூக்கிக்கொண்டு நேரே கடற்கரைக்கு ஓடாதீர்கள். முற்றத்தில் புதிதாகக் கொட்டிய ஆற்று மணலில் ஒரு பாத்தி அமைத்து, அதில் பழகுங்கள். ஓர் ஆணி, சோடா மூடி, பிஸ்கட் பொதியின் வெள்ளித் தாள், வலையில் கட்டும் ஈயக்குண்டு, வெள்ளிக் கொலுசு, தங்க மோதிரம், சங்கிலி என்று ஒவ்வொன்றையும் ஒரு சாண் இடைவெளி விட்டுப் புதையுங்கள். தங்கத்தில் தடித்த நூல் கட்டி, நுனியை மேலே விட்டுவிடுங்கள். வீட்டில் ஒரு சண்டையாவது குறையும். ஒவ்வொன்றுக்கும் கருவி தரும் எண்ணைக் கொப்பியில் எழுதுங்கள். முதலில் இரண்டு விரல் ஆழம், பிறகு நான்கு விரல், பிறகு ஒரு சாண். ஆழம் கூடக் கூட எண் தடுமாறுவதைக் காண்பீர்கள்.

இந்தப் பாத்தி பல விடயங்களைக் கற்றுத்தரும். தங்க மோதிரமும் ஈயக்குண்டும் அலுமினியத் துண்டும் ஏறத்தாழ ஒரே எண் வரிசையில் வந்து நிற்கும். குப்பை வேண்டாம் என்று அந்த எண்களைக் கருவியில் அடைத்துவிட்டால் மோதிரத்தையும் சேர்த்தே அடைத்துவிடுகிறீர்கள். மோதிரம் தேடுகிறவர் பிஸ்கட் தாள் பொறுக்கத்தான் வேண்டும், வேறு குறுக்குவழி கிடையாது. இன்னொன்று நம் நாணயங்கள். 1984இல் வந்த தடித்த ஐந்து ரூபாய், நிக்கல் பித்தளை, நல்ல உறுதியான ஒலி தரும். 2005க்குப் பிறகு வந்தவை முலாம் பூசிய உருக்கு, 2017க்குப் பிறகு வந்தவை துருப்பிடிக்காத உருக்கு. இவை பெரும்பாலும் இரும்பைப்போலவே நடந்துகொள்ளும், எண் நிலையாக நிற்காது. வெளிநாட்டுக் காணொளிகளில் நாணயம் ஒலிக்கும் விதத்தைப் பார்த்துவிட்டு வந்து இங்கே குழம்புகிறவர்கள் இதனால்தான் குழம்புகிறார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் சங்கிலி. மெல்லிய சங்கிலி இரண்டு பவுண் இருந்தாலும், கருவியின் கண்ணுக்கு அது தனித்தனிச் சிறு வளையங்கள்தான். பல சமயம் கொளுக்கி மட்டும் முனகும். தாலிக்கொடியைத் தேடும்போது கொடியை நம்பாமல் தாலியின் ஒலியைத் தேடுங்கள். சங்கிலி தேடும்போது உணர்திறனைக் கூட்டி, சுருளை மண்ணோடு ஒட்டினாற்போல் வைத்து, வழமையைவிடப் பாதி வேகத்தில் போங்கள். சங்கிலியோடு பென்டன் இருந்ததா என்று தொலைத்தவரிடம் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

வளவில் தேடும் விதம்

கையில் இருக்கும் மோதிரம், மணிக்கூடு எல்லாவற்றையும் கழற்றுங்கள். கைப்பேசியைத் தூர வையுங்கள். கருவியை இயக்கி, உலோகம் இல்லாத ஒரு துண்டு மண்ணின்மேல் சுருளை ஏற்றி இறக்கி, மண்ணுக்கு ஏற்றபடி கருவியைச் சமப்படுத்துங்கள். வலிகாமத்துச் செம்மண்ணின் சிவப்பே இரும்புத் தாதினால் வந்தது, இந்தப் படியைத் தவறவிட்டால் அந்த மண்ணில் பொய் ஒலிகள் எழும். வடமராட்சி, தீவகப் பக்க மணலில் இந்தத் தொல்லை குறைவு.

தொலைத்தவர் நினைவுகூரும் இடத்தைச் சுற்றி நாலு தடி நட்டுக் கயிறு கட்டுங்கள். அந்தச் சதுரத்துக்குள் வெங்காயப் பாத்திக்கு வரிசை பிடிப்பதுபோல் போக வேண்டும். சுருள் மண்ணிலிருந்து இரண்டு விரல் உயரத்தில், தரைக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும். புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, வீச்சின் இரு முனையிலும் சுருளைத் தூக்கிவிடுவது. புல் வெட்டும் கை அது. சுவரில் சுண்ணாம்பு பூசும் கைதான் இங்கே வேண்டும், தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே மட்டத்தில். இடமிருந்து வலம் மூன்று விநாடி எடுங்கள், ஒவ்வொரு வீச்சும் முந்திய வீச்சின் பாதியை மூடட்டும். ஒரு திசையில் முடித்த சதுரத்தைக் குறுக்காக மறுபடி தேடுங்கள். கிடுகு வேலியின் கட்டுக்கம்பி, தகரக் கூரையிலிருந்து விழுந்த ஆணி, கிணற்றுத் துலாவின் இரும்பு ஆகியவற்றின் அருகே பெரிய சுருள் பயனற்றது. ஆறு அங்குலச் சுருள் இருந்தால் அதை மாட்டுங்கள்.

இருபுறம் வீசினாலும் ஒரே மாதிரி ஒலித்தால், தொண்ணூறு பாகை திரும்பி நின்று மறுபடி வீசுங்கள். அப்போதும் அதே இடத்தில் அதே எண் என்றால் அந்தக் குறுக்குக்கோடுகள் வெட்டும் புள்ளியில்தான் பொருள் இருக்கிறது. ஒருபுறம் ஒலித்து மறுபுறம் உடைந்தால் பெரும்பாலும் வளைந்த ஆணி. மண்ணைக் குத்தாதீர்கள். சிரட்டையால் மேலிருந்து மெல்லச் சுரண்டி, சுரண்டிய மண்ணை ஒரு சாக்கில் போட்டு, அதையும் கருவியால் பாருங்கள். பொருள் குழியில் இருக்கிறதா, சாக்கில் இருக்கிறதா என்று தெரியும். நான்கு விரல் ஆழத்துக்குக் கீழே போகும் குறிப்பை நான் விட்டுவிடுவேன். போன மாதம் விழுந்த தோடு அவ்வளவு ஆழத்துக்குப் போகாது, அங்கே கிடப்பது எதுவோ எனக்குத் தேவையில்லை. பொத்திய கையைவிடப் பெரிதாக ஒலிக்கும் இரும்பையும் அப்படியே விட்டுவிடுவேன். எடுத்த மண்ணை மீண்டும் போட்டுக் காலால் மிதித்துச் சமப்படுத்துங்கள். வளவுக்காரர் மறுநாள் வந்து பார்த்தால் தேடிய தடம் தெரியக் கூடாது.

கடற்கரையிலும் கோயில் வீதியிலும்

காரைநகர் கசூரினாக் கடற்கரையில் நெடுந்தூரம் ஆழமில்லாத நீர். சனம் குளித்து விளையாடும், மோதிரமும் கழன்று விழும். குளிர்ந்த நீரில் விரல் சுருங்கும், சவர்க்காரமும் எண்ணெயும் இருந்தால் சொல்லவே வேண்டாம். விடியற்காலை ஐந்தரைக்குப் போய் ஒன்பது மணிக்குள் திரும்பிவிடுங்கள். வெயில் உங்களையும் வாட்டும், கருவியின் திரையையும் வாட்டும். முதலில் சவுக்கு மர நிழலில் சனம் பாய் விரித்து இருந்த இடம், பிறகு உடை மாற்றும் இடம், பிறகு காய்ந்த மணல் முடிந்து ஈர மணல் தொடங்கும் வரி. ஈர மணலில் கருவியைக் கடற்கரைக்கான முறைமைக்கு மாற்றி, உணர்திறனைச் சற்றுக் குறைத்து, கரைக்குச் சமாந்தரமாக நடங்கள். கரையிலிருந்து நீரை நோக்கிக் குறுக்காக நடந்தால் உப்பின் அளவு மாறிக்கொண்டே இருந்து கருவியை அலைக்கழிக்கும்.

நம் கடலில் வற்றுப்பெருக்கு குறைவு. மணலை இடம்மாற்றுவது காற்றுத்தான். வாடைக்காற்று வடக்குக் கரையை அடிக்கும் மாதங்களில் கசூரினாவின் மணல் ஒரே இரவில் அரிபட்டு, கடினமான கீழ்மண் வெளியே தெரியும். கனமான பொருட்கள் அந்தக் கடினத் தட்டில்தான் தங்கியிருக்கும். சோளகக் காலத்தில் இதே நிலை வேறு கரைகளில் வரும். ஆனால் புயலுக்கும் பெருமழைக்கும் பிறகு கடல் எதைக் கொண்டுவந்து போடும் என்று சொல்ல முடியாது. நீண்ட உருளையாக எதையாவது கண்டால் மேலே சொன்ன 119 நினைவில் இருக்கட்டும். கரைவலை இழுக்கும் இடத்தில் ஈயக்குண்டும் தூண்டில் முள்ளும் நிறைய வரும். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியாரிடம் கேட்டுவிட்டுத் தேடுங்கள், பொறுக்கிய ஈயத்தை அவர்களிடமே கொடுங்கள்.

கோயில் வீதி மணல் தனி உலகம். அங்கப்பிரதட்சணம் செய்த மணலில் தோடும் அரைஞாண் கயிற்றுத் தாயத்தும் கிடக்கும். நிர்வாகத்தின் அனுமதியோடு, திருவிழா முடிந்த பிறகு, அவர்களுடைய ஆள் ஒருவர் உடன் நிற்கத் தேடி, கிடைத்த அனைத்தையும் அவர்களிடமே ஒப்படைத்து ஒரு பதிவேட்டில் எழுதிவிடுங்கள்.

95இல் புதைத்தவை

என்னிடம் வருபவர்களில் சிலர் தோட்டைத் தேடி வருவதில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் இடம்பெயர்ந்து வலிகாமத்தைவிட்டுப் புறப்பட்டபோது எவர்சில்வர்ச் சம்புடத்தில் நகையும் காணி உறுதியும் போட்டு வளவில் தாட்டுவிட்டுப் போனவர்கள் அவர்கள். "மாமரத்துக்கும் கிணற்றுக்கும் நடுவில் தம்பி" என்பார்கள். மாமரம் இப்போது இல்லை, கிணறு கட்டு உயர்ந்துவிட்டது. இவர்களை உடனே "சரி, தோண்டிப் பார்ப்போம்" என்று கூட்டிப் போகாதீர்கள். அந்த வளவில் பின்னர் யார் இருந்தார்கள், பங்கர் வெட்டப்பட்டதா, கண்ணிவெடி அகற்றித் துப்புரவு செய்யப்பட்ட பதிவு இருக்கிறதா என்பது முதற்கேள்வி. பதில் தெளிவில்லை என்றால் வேலை அங்கேயே நிற்க வேண்டும், எவ்வளவு கண்ணீர் வந்தாலும். தெளிவு என்றால் கிராம சேவையாளருக்கும் பொலிஸுக்கும் அறிவித்து, அவர்கள் சொல்லும் முறைப்படி, அவர்கள் முன்னிலையில் செய்யுங்கள். பழைய ஒளிப்படம் இருந்தால் கேளுங்கள். கல்யாணப் படம், சாமத்தியப் படம், ஏதோ ஒன்றில் முற்றமும் மரமும் பின்னால் நிற்கும். நினைவைவிட அது இடத்தைச் சரியாகக் காட்டும்.

கடற்கரையிலிருந்து வந்ததும் சுருளையும் தண்டையும் நல்ல தண்ணீரால் கழுவி, நிழலில் உலரவிட்டு, பற்றரியைக் கழற்றி வையுங்கள். யாருடையது என்று தெரியாத நகை கிடைத்தால் அன்றைக்கே பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அறிவித்தல் போடுவதென்றால் "கசூரினாவில் ஒரு மோதிரம் கிடைத்தது" என்பதோடு நிறுத்துங்கள், படம் போடாதீர்கள். உட்புறத்தில் பொறித்திருக்கும் எழுத்தையும் திகதியையும் கேட்டு வருபவரே சொல்லட்டும்.